மேலூர் நினைவிருக்கிறது, வீட்டுக்கு வழி தெரியவில்லை

அந்த ஐயா மதுரை–திருச்சி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஸ்டேஜ் எல்லாம் சொல்லுங்க ஐயா" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று தடங்கலில்லாமல் வந்தது. "பாத்தீங்களா டாக்டர், அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டீக்கடைக்குப் போனா திரும்பி வரத்தான் வழி தெரியல" என்றார் மகள். டீக்கடை அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து மணி காட்டச் சொன்னேன். வட்டம் சரியாக வந்தது. எண்களும் வந்தன. ஆனால் ஒரு முள்ளை 11-க்கும் இன்னொன்றை 10-க்கும் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பத்து நிமிஷம் என்றால் பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். காதில் விழுந்த சொல்லும், அதன் பொருளும், தாளில் அதற்குரிய இடமும், கையும் ஒரே நேரத்தில் கூடினால்தான் அது நடக்கும். மூளையில் அந்த ஒன்றுகூடல்தான் அவருக்குத் தளர்ந்திருந்தது.

ஐயாவுக்கு இருப்பது அல்சைமர் என்ற மறதி நோய். அது மூளை சுருங்கும் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுருங்குவது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே செல்களுக்கு இடையிலான தொடர்புகள் அறுந்துவிடுகின்றன. நோயாளியின் தடுமாற்றம் எவ்வளவு என்பது, மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளின் எண்ணிக்கையைவிட, இழந்துபோன நரம்பு இணைப்புகளோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று 1991-இலேயே ராபர்ட் டெர்ரி என்ற மூளை ஆய்வாளரின் குழு காட்டியது.

டாவ் என்ற இன்னொரு புரதமும் இதில் இருக்கிறது. அதன் முடிச்சுகள் பெருமூளைப் புறணியில் முதலில் தலைகாட்டும் இடம், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸின் வாசலில் இருக்கும் சிறு பகுதி. பிறகு இணைப்புகள் வழியாகவே அடுத்தடுத்த பகுதிகளுக்குப் பரவுகிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்ற வரைபடத்தை வைத்திருப்பதும் அதே வாசல்தான். அங்கே உள்ள செல்களைக் கண்டுபிடித்ததற்காக மோசர் என்ற ஆய்வாளர் தம்பதிக்கு 2014-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஐயாவுக்கு முதலில் வழி ஏன் தப்பியது என்பதை இப்படித்தான் மகளுக்கு விளக்கினேன். பழைய ஸ்டேஜ் பெயர்கள் பல வருஷமாக மூளை முழுக்கப் படிந்துபோனவை, அவை கடைசி வரைகூட நிற்கலாம்.

மூளையிலும் பஸ் ஸ்டாண்டு மாதிரியான சந்திப்புகள் உண்டு. நாம் சும்மா உட்கார்ந்து பழசை நினைக்கும்போது அவற்றில் சில ஒரே வலைப்பின்னலாக ஒன்றாக இயங்கும். அமிலாய்டு சீக்கிரம் படிவது அங்கேதான். நோயாளிகளுக்கு அதன் பகுதிகள் சேர்ந்து இயங்குவது குறைந்திருப்பதை 2004-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஸ்கேனில் பார்த்தார்கள். அந்த வகை ஸ்கேன் பெரும்பாலும் ஆய்வுக்குத்தான் பயன்படுகிறது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

என்னை வருத்துவது, 'வயசானா மறதி சகஜம்' என்று வீட்டில் ஓடிப்போகும் இரண்டு மூன்று வருஷங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சகஜம்தான். நாற்பது வருஷமாக வைத்த சாம்பாரில் எதற்கப்புறம் எதைப் போடுவது என்று நின்றுபோவதும், பென்ஷன் கணக்கு திடீரென்று புரியாமல்போவதும் அப்படியல்ல. அப்போதே வந்துவிடுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் இதே மாதிரி காட்டும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது. அல்சைமரேதான் என்றாலும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேளாமை உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால் டிமென்ஷியாவில், அதாவது அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களில், ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் சொன்னது.

ஐயாவுக்குக் காதும் மந்தமாக இருந்தது. காது மெஷினுக்கு எழுதிக் கொடுத்தேன். "இது யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று யாரும் அவருக்குப் பரீட்சை வைக்க வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். சட்டைப்பையில் வீட்டு நம்பர் இருக்கட்டும், டீக்கடைக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள் என்றேன். இப்போது ஐயா டீ குடித்து முடித்ததும் கடைப் பையன் தெருமுனை வரை கூடவே வருகிறானாம்.