நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டும் படம் திக்குதா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. 'நாலு ஜிபி கார்டு போட்டிருக்கேனுங்க, 4கே படம் திக்கித் திக்கித்தான் ஓடுது' என்று ஒருவர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மூடியைக் கழற்றினால், நினைத்த மாதிரியே என்விடியாவின் பழைய ஜிடி 730 கார்டு. அவர் பென்டிரைவில் கொண்டுவந்த படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டிருக்க, கார்டின் 'வீடியோ டீகோட்' கோடு, அதாவது சுருக்கி வைத்த படத்தைப் பிரிக்கும் வேலையைக் காட்டும் கோடு, தரையோடு படுத்துக் கிடந்தது. ஃபேன் மிக்ஸி மாதிரிக் கத்தியது.

பிராசஸர் பழைய ஐ3 7100. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெச்டிஎம்ஐ வயரை மதர்போர்டிலேயே செருகினேன். அதே படம் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஃபேன் சத்தமே இல்லை. கார்டு மாட்டினால் பல போர்டுகள் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். வேலை தெரிந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தெரியாதவனைக் காசு கொடுத்துக் கூப்பிட்ட கதை.

இந்த ஜிபி மோகம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. ஜிபி, அதாவது கார்டின் மெமரி, கேம் ஆடுபவர்களின் கவலை. 4கே படத்தின் ஒரு பிரேம், 10 பிட் நிறத்தில் விரித்தாலும் சுமார் 25 எம்பி. இருபது பிரேமைக் கையில் வைத்திருந்தாலும் அரை ஜிபிதான். மீதி மூன்றரை ஜிபி சும்மா உட்கார்ந்திருக்கும். நாலு ஜிபி என்பதால் படம் பளிச்சென்று தெரியாது, வேகமாகவும் ஓடாது. எட்டு ஜிபி போட்டாலும் அதே கதைதான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் ஹெச்இவிசி 10 பிட் முறையைப் பிரிக்க இந்தச் சிப்புக்குத் தெரியுமா? ஜிடி 710, 730 இரண்டுக்கும் தெரியாது. இன்டெல் 7ஆம் தலைமுறை பிராசஸருக்கே தெரியும். (கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிபிதானே.)

யூடியூபில் வரும் ஏவி1 என்ற இன்னொரு சுருக்கும் முறையும் வேண்டுமென்றால் இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5, அல்லது ஏஎம்டியின் ரைசன் 7000 பக்கம் போங்கள். ரைசன் 5600ஜி நல்ல சிப்தான், ஆனால் ஏவி1 அதன் கிராபிக்ஸில் கிடையாது. பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரை மலிவாக இருக்கிறது என்று வாங்கிவிட்டீர்களா? அதற்குள் கிராபிக்ஸே கிடையாது. சரி, உங்களுக்குக் கார்டு வேண்டும்தான். அப்போதும் குட்டியாக இருக்கிறதே என்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டை எடுக்காதீர்கள், அதிலும் ஏவி1 இல்லை. இன்டெலின் ஆர்க் ஏ310 அல்லது ஏ380 கார்டு போதும். ஏவி1 வேண்டாமென்றால் என்விடியாவின் ஜிடி 1030 போதும். 30 வாட், ஃபேனே இல்லாத மாடலும் உண்டு.

அப்புறம் ஹெச்டிஎம்ஐ. அது 1.4 பதிப்பு என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 தடவைதான் திரை மாறும். 60 வேண்டுமென்றால் போர்டு, கேபிள், நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் என்று எல்லாமே 2.0 ஆக இருக்க வேண்டும். இவருடைய போர்டு 1.4. படம் நொடிக்கு 24 பிரேம்தான் என்பதால் அது போதும், டிவியை 24 ஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்தேன். கேமரா நகரும் காட்சிகளில் இருந்த வெட்டலும் போனது.

கிளம்பும்போது கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதை என்னங்க பண்றது?' என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரெண்டாவது மானிட்டர் போட ஆகும் என்றேன்.