அந்தக் குரங்குக்கு என்ன பெயர்?

ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு குரங்கின் படத்தைக் கொஞ்ச நேரம் காட்டுங்கள். அப்புறம் அதே குரங்கையும் இன்னொரு குரங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குழந்தையின் கண் புதுக் குரங்கின் மேல்தான் அதிக நேரம் நிற்கும். ‘இது வேற’ என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. உளவியலாளர் ஒலிவியே பாஸ்கலிஸ் குழுவினர் 2002-இல் இதைச் சோதித்தபோது, ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்கு இரண்டும் வெறும் குரங்கு.

வளர வளரத் திறமை கூடும் என்றுதானே நினைப்போம்? இங்கே குறைகிறது. காரணம், மூளையின் சிக்கனம். தினமும் பார்ப்பதை நுணுக்கமாகப் பிரித்தறியப் பழகும். பார்க்காததை மொத்தமாகக் கட்டி ஒரு மூலையில் போட்டுவிடும். காதுக்கும் இதே கதைதான். இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ ஒலிகளை, இந்தியே கேட்டிராத கனடாக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் பிரித்தறிகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. ஜேனட் வெர்க்கர் 1984-இல் வெளியிட்ட முடிவு இது. நம் ‘ழ’கரத்தோடு மல்லுக்கட்டும் வெளிநாட்டு நண்பர்கள்மேல் இனி கொஞ்சம் இரக்கம் காட்டலாம்.

மனித முகங்களுக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் வெள்ளையினக் குழந்தைகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதக் குழந்தைகள் ஆப்பிரிக்க முகங்களையும் சீன முகங்களையும்கூட ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிந்தார்கள். ஒன்பது மாதத்தில் சொந்த இனத்து முகங்களை மட்டுமே. ‘சீனாக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கப்பா’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு விதை விழுவது தொட்டிலில்.

ஆனால் இதைப் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தியோப்பியாவில் வளரும் மூன்று மாதக் குழந்தைகள் கறுப்பின முகத்தை அதிகம் பார்த்தார்கள். இஸ்ரேலில் வளரும் வெள்ளையினக் குழந்தைகள் வெள்ளை முகத்தை. இஸ்ரேலுக்குக் குடிவந்த எத்தியோப்பியக் குடும்பங்களின் குழந்தைகள், இரு வகை முகங்களையும் தினமும் பார்ப்பவர்கள், எந்தப் பக்கமும் சாயவில்லை. 2006-இல் வந்த ஆய்வு இது.

சரி, இதுவரை நடந்தது வெறும் பழக்கம். குழந்தைக்கு யார்மேலும் வெறுப்பு கிடையாது. பாரபட்சம் உருவாக இன்னும் இரண்டு பொருள் சேர வேண்டும். அவற்றைக் கொடுப்பவர்கள் நாம்.

முதலாவது, கோடு கிழிப்பது. அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லர் ஒரு கோடைக்கால வகுப்பில் ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நீல டி-ஷர்ட், மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தார். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறம் பார்த்து உட்கார வைத்தார்கள், நிறம் சொல்லிக் கூப்பிட்டார்கள். எந்த நிறம் உசத்தி என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. சில வாரங்களில் பிள்ளைகளே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: எங்கள் நிறத்துப் பிள்ளைகள்தான் நல்லவர்கள். பிள்ளைகளுக்குச் சட்டையைப் போட்டுவிட்டு ஆசிரியர் நிறத்தைப் பற்றிப் பேசாமல் விட்ட வகுப்புகளில் இந்தச் சாய்வு வரவில்லை. ஆக, நிறம் கண்ணில் படுவது மட்டும் போதாது. அதை வைத்துப் பெரியவர் ஒரு காரியம் செய்ய வேண்டும். ‘பாய்ஸ் இந்த லைன், கேர்ள்ஸ் அந்த லைன்’ என்று ஒவ்வொரு எல்.கே.ஜி. வகுப்பிலும் கேட்கிறதே, அதுவும் இதே சோதனைதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மழலையர் வகுப்பு ஆசிரியர்களை இரண்டே வாரம் இப்படி ஆண், பெண் என்று பிரித்துப் பேச வைத்துப் பார்த்தார்கள். அடுத்த பாலினப் பிள்ளைகளோடு விளையாடுவது குறைந்தது.

இரண்டாவது, வாக்கியம். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். மார்ஜரி ரோட்ஸ் குழுவினர் 2012-இல் ‘ஸார்பி’ என்று இல்லாத ஓர் இனத்தைக் கற்பனை செய்து படப் புத்தகம் போட்டார்கள். அதில் ஆண், பெண், முதியவர், சிறியவர், எல்லா நிறத்தவரும் ஸார்பிகள். நான்கு வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு ‘ஸார்பிகள் பொறிவண்டுக்குப் பயப்படுவார்கள்’ என்று படித்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு ‘இந்த ஸார்பி பொறிவண்டுக்குப் பயப்படுகிறார்.’ வேறுபாடு அவ்வளவுதான். முதல் வகை கேட்ட பிள்ளைகள், ஸார்பிக்குப் பிறந்த குழந்தை வேறு யாரிடம் வளர்ந்தாலும் ஸார்பி மாதிரிதான் இருக்கும் என்று நம்பும் பக்கம் சாய்ந்தார்கள். பொறிவண்டுக்குப் பயப்படுவது பெருமையும் இல்லை, இழிவும் இல்லை. வாக்கியத்தின் வார்ப்பே வேலையை முடித்துவிட்டது. தமிழில் இந்த வார்ப்பு இன்னும் கச்சிதம்: ‘அவங்களே அப்படித்தான்.’ ஓர் ‘ஏ’, ஒரு ‘தான்’, ஓர் இனத்தையே டப்பாவில் அடைத்தாயிற்று.

இந்த வெளிச்சத்தில் நம் பள்ளிகளின் மாறுவேடப் போட்டியைப் பாருங்கள். தலைப்பாகை கட்டினால் பஞ்சாபி, கசவுச் சேலை கட்டினால் மலையாளி. வேற்றுமையில் ஒற்றுமையைக் கற்றுக்கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் ‘பஞ்சாபிகள் இப்படி இருப்பார்கள்’ என்ற வாக்கியத்துக்கு உடை தைத்துக் கொடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருநாள் வேற்றுப் பண்பாட்டை எட்டிப் பார்த்துவிட்டு வரும் இந்த வழக்கத்தை அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் ‘சுற்றுலாப் பாடத்திட்டம்’ என்று கேலி செய்தார்.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? குரங்குகளிடம் திரும்புவோம். 2009-இல் லிசா ஸ்காட்டும் அலெக்சாண்ட்ரா மோனெசனும், ஆறு மாதக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் குரங்குப் படப் புத்தகம் கொடுத்து மூன்று மாதம் படித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு சாரார் ஒவ்வொரு குரங்கையும் தனிப்பெயரால் அழைத்தார்கள். நம்மூர்க் கணக்கில் இது ராமு, இது சோமு. இன்னொரு சாரார் எல்லாப் படத்துக்கும் ‘குரங்கு’ என்றார்கள். மூன்றாவது சாரார் பெயரே சொல்லவில்லை. மூன்று சாராரும் பார்த்தது ஒரே படங்கள். ஆனால் ஒன்பதாவது மாதத்தில் குரங்கு முகங்களைப் பிரித்தறியும் திறன் தனிப்பெயர் கேட்ட குழந்தைகளிடம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

வெறுமனே பார்த்தால் போதாது, யார் யார் என்று தெரிய வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அந்த இந்திக்காரப் பையன்’ என்றே ஆண்டு முழுக்கக் கூப்பிட்டால், பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு அவன் முகம் பதியவே பதியாது.

சீனாவில் நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். கறுப்பின முகங்களை இவர் இன்னார், அவர் இன்னார் என்று அடையாளம் காணப் பழக்கினார்கள். அந்த முகங்களைச் சட்டென்று சிடுசிடுப்போடு இணைத்துப் பார்க்கும் சாய்வு குறைந்தது. சும்மா படத்தை மட்டும் காட்டிய பிள்ளைகளிடம் குறையவில்லை. பின்னால் வந்த இன்னொரு ஆய்வில் ஒருமுறை பழக்கியதோடு நிறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி பழக்கினார்கள். எழுபது நாள் கழித்துச் சோதித்தபோதும் அந்த மாற்றம் அப்படியே இருந்தது.