பினைன் மாசோக்கிசம்: நாக்கு எரிந்தும் கை நீள்வது ஏன்?

கண்ணில் நீர் வழியும், மூக்கு ஒழுகும், ஆனாலும் அடுத்த வாய் காரத்துக்குக் கை நீளும். இந்த விருப்பத்துக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு: பினைன் மாசோக்கிசம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசின் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. மிளகாய் எப்படிப் பிடித்துப்போகிறது என்பதை அவர் 1980இலேயே ஆராய்ந்தவர். ஆபத்து என்று உடல் அலறுகிறது, ஒன்றும் ஆகாது என்று மனத்துக்குத் தெரிகிறது. உடலை மனம் வென்றுவிட்ட அந்த உணர்வுதான் இன்பம் என்பது அவர் விளக்கம். சோகப் படம் பார்த்து அழுவதையும், பயந்துகொண்டே ராட்சத ராட்டினம் ஏறுவதையும்கூட அவரும் சகாக்களும் 2013இல் இதே வகையில் சேர்த்தார்கள்.

உடல் அலறுவதற்குக் காரணம் இருக்கிறது. காரம் உண்மையில் சுவை அல்ல, வலி. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் தூண்டப்படும் ஏற்பி (செய்தியை உணர்ந்து கடத்தும் புரதம்) ஒன்று நம் நரம்புகளில் இருக்கிறது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற வேதிப்பொருள் அதைச் சூடே இல்லாமல் தூண்டிவிடுகிறது. நாக்கு வேகவில்லை, ஆனால் வெந்துவிட்டதாக மூளைக்குச் செய்தி போகிறது! 1997இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021 மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சரி, பழகப் பழக நாக்கு மரத்துவிடுகிறதா? ஓரளவுக்கு, ஆம். ஆனால் அதுவே முழுக் காரணம் ஆகாது. தாங்க முடியாத எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும் காரம்தான் பலருக்கு மிகவும் பிடிக்கிறது என்கிறார் ரோசின். எரிச்சல் தெரிகிறது, அதுவே வேண்டியும் இருக்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். 'பினைன்' லத்தீனில் கனிவைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. புற்றுநோய் அல்லாத கட்டியை மருத்துவர்கள் இப்படிச் சொல்வார்கள், தமிழில் 'தீங்கற்ற' கட்டி. 'மாசோக்கிசம்' ஆஸ்திரிய எழுத்தாளர் சாக்கர்-மாசோக்கின் பெயரிலிருந்து மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. வலியில் பாலின்பம் காண்பதே அதன் முதல் பொருள்.

அப்படியே தமிழில் மொழிபெயர்த்தால் 'தீங்கற்ற தன்வதை இன்பம்'. பிழையில்லை, ஆனால் வதை என்றதும் நோயின் வாடை வந்துவிடுகிறது. சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது அது தேவையே இல்லை. நான் பரிந்துரைப்பது 'உறுத்தலின்பம்'. உறுத்தல் நாக்குக்கும் பொருந்தும், மனத்துக்கும் பொருந்தும். கட்டுரைகளில் துல்லியம் வேண்டுமென்றால் முன்னால் 'தீங்கற்ற' சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் விசித்திரமான ருசிகள் எல்லாவற்றுக்கும் இதைப் போடக் கூடாது. வாடை வீசும் பாலாடைக்கட்டி முதலில் குமட்டியிருக்கலாம். அப்புறம் அந்த வாடையே நல்ல மணமாகத் தோன்றத் தொடங்கிவிட்டால் உறுத்தல் அங்கே மிச்சமில்லை. அதற்குப் 'பழகுசுவை' என்பதே சரி. கசப்புக் காப்பியை விரும்புவதில் காஃபீன் தரும் சுறுசுறுப்புக்கும் பங்கு உண்டு. உறுத்தல் இன்னும் உணரப்பட்டு, அதற்காகவே தேடிப் போகும்போதுதான் அது உறுத்தலின்பம்.