பழகிய பறவையா, தங்கிய பறவையா?

புல்வெளியின் நடுவே சாலை வருகிறது, வீடுகள் வருகின்றன. சில ஆண்டுகள் கழித்து, ஆள் நெருங்கினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைகளை அங்கே பார்க்கிறோம். “மனிதர்களுக்குப் பழகிவிட்டன” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பயந்த பறவைகள் எல்லாம் எப்போதோ கிளம்பிப் போயிருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஆர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா நகரிலும் சுற்றியுள்ள புல்வெளிகளிலும் வளை ஆந்தைகள் உண்டு. தரைக்குள் வளையில் குடும்பம் நடத்தும், பகலிலேயே வாசலில் நின்று காவல் காக்கும் சிறிய ஆந்தைகள். மார்டினா கரேத்தே, ஹோசே தேயா என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவற்றிடம் செய்த சோதனை குழந்தைகூடச் செய்யக்கூடியது: ஆந்தையை நோக்கி நேராக நட, அது எழுந்து பறக்கும் நொடியில் எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்று குறித்துக்கொள். ஓர் ஆந்தைக்கும் இன்னொன்றுக்கும் அந்தத் தூரம் பெரிதும் வேறுபட்டது. ஆனால் அதே ஆந்தையை மறுபடி மறுபடி அளந்தபோது கிட்டத்தட்ட அதே விடைதான் வந்தது. நடமாட்டம் கூடிய இடத்தில் இருந்தவை, கிட்டே போகும்வரை பொறுத்துக்கொண்டவை. தினமும் ஆட்களைப் பார்த்துத்தான் பயம் தெளிந்தது என்றால் ஒவ்வொரு பறவையின் தூரமும் போகப் போகச் சுருங்கியிருக்க வேண்டுமே? 2010-ல் அவர்கள் முன்வைத்த விளக்கம் வேறு: சுபாவத்துக்கு ஏற்ப இடம் அமைகிறது.

சரி, பறவைக்குச் சுபாவம் என்று ஒன்று பிறவியிலேயே இருக்குமா? நெதர்லாந்தில் காட்டுப் பட்டாணிக் குருவிகளைப் பிடித்து, ஐந்து செயற்கை மரங்கள் நிற்கும் அறையில் விட்டுப் பார்த்தார்கள். சில மரத்துக்கு மரம் சரசரவென்று தாவின; சில ஒரே இடத்தில் உட்கார்ந்து நோட்டம் விட்டன. இந்த வேகத்தில் ஒரு பங்கு பெற்றோரிடமிருந்து வருவது. வெளியிலிருந்து வந்து அந்தக் காட்டில் குடியேறிய குருவிகள், அங்கேயே பிறந்தவற்றைவிட வேகக்காரர்களாக இருந்தன. குளிர்கால உணவான பீச் (beech) என்ற காட்டு மரத்தின் விதைகள் ஓராண்டு கொட்டும், ஓராண்டு பொய்க்கும். அதற்கேற்ப யாருக்குச் சாதகம் என்பதும் மாறியதால் இரண்டு வகையும் அழியாமல் தொடர்கின்றன.

பறவை இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை. வட அமெரிக்காவின் போபோலிங்க் என்ற பறவை உயர்ந்த புல்லைப் பார்த்துத் தரையில் கூடு கட்டும். வைக்கோல் வயலும் அதன் கண்ணுக்கு நல்ல புல்வெளிதான். குஞ்சுகள் பறக்கும் முன்பே அறுவடை இயந்திரம் வந்துவிடும். இதைச் சூழல் பொறி என்கிறார்கள். பறவையின் அளவுகோல் பழையது, நிலம் புதியது.

எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவின் மொன்டானா மாநில நீலப்பறவைகளுடையது. காட்டுத்தீயில் பட்டுப்போன மரங்களின் பொந்துகளில் கூடு கட்டுபவை அவை. எரிந்த காட்டுக்கு மலை நீலப்பறவை முதலில் வரும். பிறகு மேற்கத்திய நீலப்பறவை வந்து அதை விரட்டும். தீயை அணைப்பதும் பட்ட மரங்களை வெட்டுவதும் பெருகியதால் பொந்துகள் அருகின, மேற்கத்திய இனம் பின்வாங்கியது. பின்னர் மக்கள் கூட்டுப் பெட்டிகளை மாட்டத் தொடங்கவே திரும்பி வந்தது. அப்படி வந்தவை யார் என்று ஆய்வாளர் ரெனே டக்வொர்த் தேடினார். சண்டைக்கார ஆண்கள்தான் தொலைவு பறந்து புது இடங்களைப் பிடித்திருந்தன. சாதுவானவை அப்பாவின் எல்லைக்குப் பக்கத்திலேயே தங்கின. ஆனால் சண்டைக்காரர்கள் மோசமான தகப்பன்கள். குஞ்சுகளைக் கவனிப்பதில் சுணக்கம். அதனால் இடம் பிடித்து முடிந்ததும், சில தலைமுறைகளிலேயே அங்குள்ள கூட்டம் சாதுவாகிவிடும்.

அப்புறம் அடுத்த சண்டைக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? 2015-ல் அவரது குழு அதற்கும் விடை சொன்னது: தாயிடமிருந்து. பொந்துக்குப் போட்டி மிகுந்த இடத்தில் கூடு கட்டும் தாய், முட்டையில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்மை ஹார்மோன்களைக் கூடுதலாக வைக்கிறது. அதிலிருந்து பொரிக்கும் மகன்கள் முரடர்களாக வளர்ந்து வெளியேறுகின்றன. பெட்டிகள் தாராளமாகத் தொங்கும் இடத்தில் பிறந்த மகன்களோ, பக்கத்துப் பெட்டியிலேயே குடியேறிவிடுகின்றன.