பழைய காரில் கூலன்ட் குறைகிறதா? பாகம் வாங்கும் முன் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்

"வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்குதுங்க, மத்தபடி ஒண்ணும் இல்லை." பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் என்னிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். டிக்கியில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் நிரந்தரமாகக் குடியிருக்கும். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து ஊற்றுவதும் பழகிப்போயிருக்கும். ஆனால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் கிடையாது. அது மூடிய வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வாரா வாரம் குறைந்தால் எங்கோ வெளியே போகிறது, அல்லது என்ஜினுக்குள்ளேயே எரிகிறது.

வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூலன்டில் துருவைத் தடுக்கும் சரக்கு கலந்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டில் தண்ணீரும் அதை நீர்த்துப்போகச் செய்யும். கொஞ்ச நாளில், கூலன்டின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பும் துருவும் படிய ஆரம்பிக்கும். ஒழுகல் ஒரு பக்கம், அடைப்பு ஒரு பக்கம் என்று நோய் இரண்டாகிவிடும்.

ஒருவர் ரேடியேட்டரையே புதிதாக மாற்றிவிட்டு, "இன்னும் குறையுது" என்று வந்தார். காரின் மூக்குக்கு நேர் கீழே சொட்டு விழுந்திருக்கிறது, அதனால் ரேடியேட்டர்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நான் டார்ச்சும் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு குனிந்தேன். கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கத்தில், மிளகு நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தெரியட்டும் என்று தயாரிப்பாளரே வைத்த துளை அது. அதிலிருந்து காய்ந்த பச்சைக் கோடு ஒன்று இறங்கி, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் சேர்ந்திருந்தது. அவர் வீட்டில் வண்டியைச் சரிவில், மூக்கு கீழே இருக்கிற மாதிரி நிறுத்துவாராம். பம்ப்பில் கசிந்தது தகடு வழியாக ஓடி முன்னால் வந்து சொட்டியிருக்கிறது. பாவம், நல்ல ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

அதனால் சொட்டு விழும் இடத்தைவிடக் கறை தொடங்கும் இடத்தைத்தான் நான் நம்புவேன். கூலன்ட் காய்ந்த இடத்தில் சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ ஒரு படிவு நிற்கும். அந்தக் கறையின் மிக உயரமான முனையைத் தேடுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவிட்டு, காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்ப்பது சுலபம். ஏசி ஓடினாலும் தண்ணீர் சொட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விரலில் தொட்டால் அது வெறும் தண்ணீர். கூலன்ட் வழவழப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும், நிறமும் இருக்கும்.

ஹோஸ் என்கிற ரப்பர் குழாய்களின் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், வாட்டர் பம்ப். பழைய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். வெளியே எங்கும் ஈரமே இல்லை, ஆனால் டாஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைந்திருக்கிறது, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி ஆவி படிகிறது என்றால் ஹீட்டர் கோர் மேல், அதாவது காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர் மேல் சந்தேகப்படலாம். உள்ளே அழுத்தம் ஏற்றி ஒழுகலைக் காட்டும், கைப்பம்ப்பு வைத்த பிரஷர் டெஸ்டர் இரவல் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். ஆறிய என்ஜினில் மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். முள் இறங்கினால் காதை வைத்துக் கேளுங்கள், சில ஓட்டைகள் சீறும்.

சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் பலருக்குத் தெரியாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி ஒரு பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், அடங்கிக் கிடந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கும். மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் காத்திருங்கள். இன்னொன்று, சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலும். விரலை அங்கே விடாதீர்கள்.

சரி, வீட்டில் செய்யக்கூடிய வேலை என்றால் முதலில் ஹோஸ்தான். பழைய ரப்பர் உள்ளிருந்து வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் முனைகளுக்குப் பக்கத்தில். வெளியே பளபளவென்று இருந்தாலும், முனையை விரலால் நசுக்கினால் உள்ளே நொறநொறவென்று தட்டுப்படும். நடுப்பகுதியைவிட முனை கொழகொழவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கூலன்டை வடித்துவிட்டு, ஹோஸைத் திருகித் தளர்த்துங்கள். வரவில்லை என்றால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். எப்படியும் தூக்கிப்போடப் போகிற ஹோஸ்தானே, அதற்காக அது மாட்டியிருக்கும் ரேடியேட்டரின் கழுத்தை உடைப்பானேன்? கீறும்போது பிளேடு கழுத்தில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் பழைய பொருக்கை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். புது ஹோஸ் ஏற மறுத்தால் கொஞ்சம் கூலன்ட் தடவினால் போதும். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும்.

ஹோஸைக் கழுத்தோடு இறுக்கும் வளையமான கிளாம்ப் விஷயத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். தொழில் பழகிய புதிதில், ஒழுகக் கூடாது என்ற ஆர்வத்தில் திருகு கிளாம்ப்பை முறுக்கினேன். "டக்" என்று ஒரு சத்தம். பத்து வருஷம் வெந்த பிளாஸ்டிக் கழுத்து விரிந்துவிட்டது. ஹோஸ் மாற்றப் போய் ரேடியேட்டர் மாற்றினோம், செலவு எங்கள் தலையில். கழுத்தின் நுனியில் ஒரு மேடு இருக்கும், கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ரப்பர் கிளாம்ப்பின் ஓரத்தில் லேசாகப் பிதுங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளாம்ப் நன்றாக இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள். ரப்பர் ஆறிச் சுருங்கும்போது அதுவும் கூடவே இறுகும். திருகு கிளாம்ப் அப்படி இறுகாது.

அப்புறம், நிரப்புவது. வீட்டு வேலை கெடுவது அதிகம் இங்கேதான். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் புது ஹோஸ் போட்டும் என்ஜின் சூடேறும். அதைவிட ஆபத்து, வெப்பநிலை சென்சார் கூலன்டில் மூழ்காமல் காற்றில் நின்றால் என்ஜின் வேகும்போதுகூட டாஷ்போர்டு முள் நடுவில் சாதுவாக நிற்கும். முள்ளை நம்பி ஓட்டி, என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கோணலாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், அதில் குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை திறந்து வையுங்கள். பிறகு ஐடிலில் ஓடவிட்டு, கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது 82 முதல் 92 டிகிரிக்குள் திறக்கும், அப்போது ரேடியேட்டர் பக்க ஹோஸ் சட்டென்று சூடாகும். ஆறியபின் அளவு இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுங்கள். எந்த வகை கூலன்ட் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். பச்சை, ஆரஞ்சு என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு கலவைகள் விற்கிறார்கள்.

ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றலாமா என்று கேட்காதவர் இல்லை. நடுவழியில் வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் ஊற்றுங்கள். மற்றபடி என் கையால் ஊற்ற மாட்டேன். ஓட்டை எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் கூலன்ட் குறைகிறது, சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது, ஆயில் மூடியில் பால் கலந்த காபி மாதிரி படிந்திருக்கிறது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி விடுகிறது. இவை சேர்ந்து வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் இருந்தால், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். மற்றவையும் சேர்ந்திருந்தால் வண்டியை ஓட்டாமல் ஏற்றிக் கொண்டுபோய்ப் பட்டறையில் விடுங்கள்.

வடித்த கூலன்ட் இருக்கும் பாத்திரத்தை ஒரு நிமிஷம்கூடத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தையும் விரலை வைத்து ருசிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், கூலன்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. தரையில் சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் மூடி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் இதையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். கேனின் மேல் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்கவே வேண்டாம்.