புது ரயில் பாதைக்கு நிலம் எடுக்கிறார்களா? முதலில் அந்த 30 நாளைப் பாருங்கள்

ரயில் பாதை வரப்போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்டதுமே எல்லாரும் கேட்பது சென்டுக்கு எவ்வளவு தருவார்கள் என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் எந்தச் சட்டத்தில் நிலம் எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள், ஏனென்றால் உங்களுக்கு எத்தனை நாள் கெடு, யாரிடம் முறையிடலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஒரு வழி, மாநில அரசு 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி எடுத்துக் கொடுப்பது. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு இப்படித்தான் நடந்தது. இன்னொன்று, மத்திய அரசு அந்தப் பாதையை ‘சிறப்பு ரயில்வே திட்டம்’ என்று அரசிதழில் அறிவித்துவிட்டு, 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 2008-ல் சேர்த்த 20ஏ முதலான பிரிவுகளின்படி தானே எடுப்பது. வடக்கே சரக்கு ரயிலுக்கென்றே போட்ட தனிப் பாதைகளுக்கு நிலம் வந்தது இந்த வழியில். இதில் சமூகத் தாக்க மதிப்பீடு (நிலம் போவதால் ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய்வது) கிடையாது, வேகம் அதிகம். அதனால் இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் 20ஏ அறிவிப்பு வரும். அதன் சுருக்கத்தை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்றாவது உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். பொடி எழுத்தில் கிராமம், சர்வே எண், பரப்பு என்று நீளமாக ஓர் அட்டவணை, அவ்வளவுதான். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் அங்கே தாத்தா பெயர்தான் இருக்கும், உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது, சர்வே எண்ணைத் தேடுங்கள். ஆட்சேபனை சொல்ல 30 நாள்தான், அதையும் அரசிதழ்த் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது, பேப்பரில் வந்த தேதியை நம்ப வேண்டாம். எழுத்து மூலமாகக் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். நேரிலோ வக்கீல் மூலமாகவோ உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 20டி பிரிவு சொல்கிறது.

அப்புறம் நிலத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் 20இ அறிவிப்பு. அது வந்த நாளிலேயே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும், பணம் கைக்கு வராவிட்டாலும்கூட. அதேசமயம் அரசுக்கும் கெடு உண்டு: 20ஏ வெளியாகி ஒரு வருடத்துக்குள் 20இ வராவிட்டால், இடைக்காலத் தடை இருந்த காலத்தைக் கழித்துவிட்டு, பழைய அறிவிப்பு செல்லாது.

பணத்துக்கு வருவோம். நிலத்தின் மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தருவதுதான் ஆறுதல் தொகை. ரயில்வே சட்டத்தில் அது 60 சதவீதம் என்று எழுதியிருக்கும், அதைக் காட்டி யாராவது பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2015 ஜனவரி 1 முதல் 2013 சட்டத்தின் கணக்குதான் இதற்கும், அதாவது 100 சதவீதம். அரை ஏக்கரின் சந்தை மதிப்பு 4 லட்சம், கிராமப்புறப் பெருக்கல் காரணி, அதாவது அந்த மதிப்பைப் பெருக்கும் எண், 1.5 என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம் (காரணி 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும்). கிணறு, தென்னை எல்லாம் சேர்த்து 50 ஆயிரம். ஆக ஆறரை லட்சம், ஆறுதல் தொகையோடு 13 லட்சம். தொகை போதவில்லை என்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகலாம்.

இவ்வளவு பேசுகிறோம், ரயில்வே சட்டத்தின் 16-ம் பிரிவை மட்டும் யாரும் கேட்பதே இல்லை, எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். பாதை உங்கள் வயலை இரண்டாகப் பிளந்தால், கிணறு ஒரு பக்கமும் நடவு ஒரு பக்கமுமாக நிற்கும். அப்படி அடைபட்ட வழிக்குப் பதிலாகக் கிராசிங், பாலம், மதகு கட்டித்தருவதும், தண்ணீர் முன்பு போலவே தடையில்லாமல் ஓட வாய்க்கால் விடுவதும் ரயில்வேயின் கடமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பாதை போடும்போதோ போட்ட கையோடோ செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் ‘வழி வேண்டாம், பணம் போதும்’ என்று ஒருமுறை தொகை வாங்கிவிட்டால் அந்த உரிமை போச்சு, எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள். ரயில் ஓடத் தொடங்கி 10 வருடம் ஆனபின் கூடுதலாக எதையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதனால் ஆட்சேபனை மனுவிலேயே மாட்டு வண்டிப் பாதை எங்கே போகிறது, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று கையால் ஒரு வரைபடம் போட்டு, சர்வே எண்களைக் குறித்து இணைத்துக் கொடுங்கள்.