அனுமதி பார்ப்பது திறக்கும்போது மட்டும்தான்

கடவுச்சொல் இருக்கும் ஒரு ஃபைல் 644 அனுமதியோடு, அதாவது யாரும் படிக்கும்படி, கிடக்கிறது. யாரோ கவனித்து, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற 600 ஆக மாற்றுகிறார்கள். வேலை முடிந்தது என்று டிக்கெட்டையும் மூடிவிடுகிறார்கள். சர்வர்களைத் தணிக்கை செய்யும்போது நான் அடிக்கடி பார்ப்பது இது. அந்த ஃபைலை முன்பே திறந்து வைத்திருக்கும் ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) இந்த மாற்றம் தொடவே தொடாது. அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருக்கும்.

காரணம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேலை செய்யும் விதம். ஃபைலைத் திறக்கக் கேட்டு நிரலிடமிருந்து ஓப்பன் அழைப்பு வந்ததும் பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழைய அனுமதி உண்டா என்று பார்க்கிறது. கடைசியில் ஃபைலுக்கு வந்து, நீங்கள் உரிமையாளரா, குழுவில் இருக்கிறீர்களா, மற்றவரா என்று இந்த வரிசையில் பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு சரி. அதனால்தான் 077 (உரிமையாளருக்கு எதுவுமில்லை, மற்ற எல்லோருக்கும் எல்லாம்) என்று வைத்த ஃபைலை ஊரே திறக்கலாம், ரூட் எனும் நிர்வாகி அல்லாத உரிமையாளர் மட்டும் திறக்க முடியாது.

நீங்கள் கேட்ட முறையும் அப்போதே பதிவாகிறது. படிக்க மட்டும் என்றால் 0, எழுத மட்டும் என்றால் 1, இரண்டுக்கும் 2. கெர்னல் இதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது: 1, 2, 3 ஆகிவிடும். இப்போது ஒரு பிட் படிக்க, இன்னொன்று எழுத. அழகான சின்ன வேலை! ஆனால் நிரலில் 0-ஐ ஒரு பிட் என்று நினைத்து ‘அண்ட்’ போட்டுச் சோதித்தால் விடை எப்போதும் பூஜ்யம்தான். கடைசி இரண்டு பிட்டுகளைப் பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டும்.

அப்புறம் வரும் ஒவ்வொரு ரீட், ரைட் அழைப்பிலும் கெர்னல் பார்ப்பது இந்தப் பதிவைத்தான், ஃபைலின் 644, 600 எண்களை அல்ல. படிக்க மட்டும் திறந்ததில் எழுதப் போனால் ‘தவறான ஃபைல் டிஸ்கிரிப்டர்’ என்று பிழை வரும் (திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தரும் எண்தான் டிஸ்கிரிப்டர்). அதற்காக அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையை அடிப்பது வீண்.

ரகசிய ஃபைலை முதலில் உருவாக்கிவிட்டு, பிறகு 600 ஆக்கும் ஸ்கிரிப்டுகள் ஆபத்தானவை என்று நான் சொல்வதும் இதனால்தான். 666 கேட்டு, புது ஃபைலின் அனுமதியில் சிலவற்றை நீக்கும் யூமாஸ்க் 022 ஆக இருந்தால் ஃபைல் 644 ஆகப் பிறக்கும். நடுவில் கிடைக்கும் நொடித்துளியில் ஒருவர் திறந்துவிட்டால் போதும். உருவாக்கும் அழைப்பிலேயே 600 கொடுங்கள். ‘ஏற்கெனவே இருந்தால் தோற்றுவிடு’ என்ற எக்ஸ்க்ளூசிவ் கொடியையும் சேருங்கள். அக்சஸ் அழைப்பால் முதலில் சோதித்துவிட்டுத் திறப்பதிலும் இதே இடைவெளிதான். நேராகத் திறந்து பாருங்கள், முடியாவிட்டால் கெர்னலே சொல்லும்.

திறந்த டிஸ்கிரிப்டர் பிள்ளை ப்ராசஸுக்கும் போகும். ப்ராசஸ் தன் இடத்தில் இன்னொரு நிரலை ஓட்டினாலும் (எக்ஸெக்) மூடாது. அதைத் தடுக்கும் க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியை ஓப்பனிலேயே தரும் வசதி 2.6.23 கெர்னலில் வந்தது. 2024 ஜனவரியில் கன்டெய்னர்களை (தனியே அடைத்து ஓட்டும் நிரல்களை) இயக்கும் ரன்சி-யில் வெளிவந்த ஓட்டையும் இந்த வகைதான். ஹோஸ்டின் (கன்டெய்னர் ஓடும் கணினியின்) டைரக்டரி ஒன்றைச் சுட்டிய டிஸ்கிரிப்டர் உள்ளே கசிந்து, அதன் வழியாக ஹோஸ்டின் ஃபைல்களையே எட்ட முடிந்தது. 1.1.12 பதிப்பில் திருத்தினார்கள்.

ஆகவே 600 ஆக்கியதும், அந்த ஃபைலை இன்னும் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளை போட்டுப் பாருங்கள். ஓடும் ப்ராசஸ்களின் விவரத்தைக் காட்டும் ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸின் எஃப்டிஇன்ஃபோவுக்குள் கொடிகள் ஆக்டல் (எட்டை அடிப்படையாகக் கொண்ட) எண்ணாக இருக்கும். அதன் கடைசி இலக்கம் 0, 1, 2-இல் எது என்பதே அது படிக்கிறதா எழுதுகிறதா என்று காட்டிவிடும். தேவையில்லாததை நிறுத்துங்கள். படித்துவிட்டு மூடியவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள், அதனால் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.